எர்த் வயர்

தொண்ணூறுகளின் இறுதியில், ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சர்ச் பாட்டுக்குழுவுக்கு நான்தான் கிதார். ஒலியை மாற்றும் நான்கு பெடல்களை ஒரு பலகையில் பொருத்தி, சிவாஜிநகரில் வாங்கிய பழைய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து அவற்றுக்கு நானே பவர் சப்ளையும் செய்திருந்தேன். ஆனால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். பவர் சப்ளையின் பிளக்கைத் திறந்து, கசியும் கரண்டைப் பூமிக்கு அனுப்பும் எர்த் வயரை வெட்டிவிட்டேன். இரைச்சல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒத்திகையில் பாடிக்கொண்டிருந்த அருள், என் தந்தி ஒன்று சுதி இறங்கியதைக் கேட்டு, ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடியே மறு கையால் கிதாரின் திருகாணியைத் தொட்டான். பழைய டிரான்ஸ்ஃபார்மரில் கசிந்து, பூமிக்குப் போக வழியில்லாத கரண்ட் அவன் வழியாகப் போனது. விறைத்து விழுந்தான். ரப்பர் செருப்பு போட்டிருந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மைக்செட் பாஷா பாய் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அருளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு என்னிடம் கேட்டார்: “உன் பெடல் போர்டுல எர்த் போட்டிருக்கியாப்பா?”

“போட்டிருக்கேன், பாய்.”

“அப்போ என் பெட்டியிலதான் கோளாறு.”

தரையில் உட்கார்ந்து தன் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தார். மறுநாள் அருளின் அம்மாவிடம், “என்னாலதான்மா ஆச்சு,” என்று கைகூப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அருள் பிழைத்தான், இரண்டு விரல்கள் மரத்தே போயின. பாய் அதன் பிறகு மைக்செட் கட்டவே இல்லை.

எர்த் வயரை மறுபடி இணைத்தேன். இரைச்சலும் திரும்பி வந்தது. இன்றும் வாசிக்க உட்கார்ந்தால், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து எர்த் போட்டிருக்கியா என்று பாய் கேட்கிறார். நான் வாசிக்கத் தொடங்கிவிடுகிறேன்.