சேவலக்காவின் கொல்லை

பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப்போகிறது என்று அவளுடைய மாமனார் ஒரு நாள் சொன்னார். அவள் கேட்டது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. என் தையல் மெஷினை என்னைக் கேட்காமல் ஏன் விற்றீர்கள் என்று புருஷனைக் கேட்டாள், அவ்வளவுதான். பதில் சொல்லவேண்டியவன் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றான், பழமொழி மாமனாரிடமிருந்து வந்தது. "அப்படின்னா நான் சேவலாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் வருவதற்கு முன்பே கதை தெருவுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சேவலக்கா.

பெயருக்கு ஏற்ற குரலும் உண்டு. தெருமுனையில் நிற்கிற ஆளை வீட்டு வாசலிலிருந்தே கூப்பிட்டுவிடுவாள். கூப்பிடுகிறாளா திட்டுகிறாளா என்பது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

பிறந்த வீட்டில் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி இருந்தான், லேத் பட்டறை வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அக்காவுக்குப் பின்பக்க அறையைக் கொடுத்தான், சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு ஆணி அடிக்கவேண்டுமென்றாலும் அவள் அவனைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். அந்த வீட்டில் தான் ஒண்ட வந்தவள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

அந்த அறைக்குப் பின்னால் கொல்லை. பட்டறையிலிருந்து வந்த இரும்புச் சுருள், உடைந்த கழிவறைப் பீங்கான், தேய்ந்த டயர் என்று உருப்படாததெல்லாம் அங்கேதான் கிடந்தது. ஒரு மாதம் கை கிழியக் கிழிய வாரிக் கொட்டினாள். துருப்பிடித்த பழைய பீரோ ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தாள். அதுதான் முதல் கோழிக்கூடு. இரண்டு கோழியில் ஆரம்பித்தது, பன்னிரண்டு வருடத்தில் முப்பத்து மூன்று கோழி, நான்கு வாத்து, இரண்டு பெட்டி முயல், ஒரு பெண்ணாடு என்று வளர்ந்தது. தெருவில் பாதி வீட்டுக்கு முட்டை அவளிடமிருந்துதான் போனது. காலையில் கூட்டைத் திறந்ததும் முதல் வேலை எச்சத்தைப் பார்ப்பது. மற்றவர்கள் செய்தித்தாள் படிக்கிற நேரத்தில் அவள் குத்துக்காலிட்டு அதைப் படிப்பாள். கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருந்தால் ஊரில் எல்லாம் சுகம்.

இத்தனை தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கியது ஒரு கழுத்துமொட்டைக் கோழியால்.

சந்தையில் பார்த்தாள். நல்ல உயரம், சிவந்த கொண்டை. விற்றவன் பேரமே பேசவில்லை, சொன்ன விலைக்குக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். அங்கேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. புதுக் கோழியை இரண்டு வாரம் தனியாக வைக்கவேண்டும், அது கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். தனிப் பெட்டியில் அப்போது முயல் குட்டி போட்டிருந்தது. ஒரு நாள்தானே என்று மற்ற கோழிகளோடு விட்டாள்.

போதாக்குறைக்கு அந்தத் தடவை தடுப்பு மருந்தும் போடவில்லை. ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும், உடைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வழக்கமாகத் தெருவில் கோழி வைத்திருப்பவர்களைத் திரட்டி ஒரே நாளில் போட்டுவிடுவாள். இந்த முறை ஆளாளுக்கு ஒரு சாக்கு சொன்னார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் கழுத்துமொட்டை மூலையில் உறங்கி விழுந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் போயிற்று. மறுநாள் இன்னும் பதினோரு கோழி சுருண்டன, அதில் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தன. வெள்ளைக்கழிச்சல். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள். வந்ததற்கு மருந்து கிடையாதும்மா, செத்ததை ஆழமாய்ப் புதை, மிச்சத்தை வெளியே விடாதே, நீயும் வேறு யார் கோழியையும் தொடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது வாசலில் கறிக்கடைக்காரர் வண்டி. பின்னால் மூன்று காலிக் கூடை. தம்பி கொல்லைக் கதவுக்கருகில் நின்றான்.

"இன்னும் இருபத்திரண்டு கோழி நல்லா நடமாடுது. நான்தான் இவரை வரச் சொன்னேன். வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம்க்கா" என்றான்.

"இன்னிக்கு நடக்கும்டா. நாளைக்கு விழும். தெரிஞ்சே எப்படிக் குடுக்கிறது?"

கறிக்கடைக்காரர் சிரித்தார். "அக்கா, ஊர்ல எல்லாரும் செய்றதுதான். இப்பவே வெட்டிடுவேன். மிஞ்சினது நாலு சந்தைக்குப் போகும். நீங்க வாங்குனீங்களே ஒரு கழுத்துமொட்டை, அது மட்டும் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? எவனோ ஒருத்தன் கூடு காலியாகுறதுக்கு முன்னாடி தள்ளிவிட்டதுதானே!"

சேவலக்காவுக்குப் பேரமே பேசாத அந்த ஆளின் முகம் நினைவுக்கு வந்தது. பட்டறிவு என்பது செருப்பால் அடித்துச் சொல்லித்தரும், அவளுக்கும் அடித்துத்தான் சொல்லித்தந்தது.

"அவன் செஞ்சது எனக்கு நல்லாத் தெரியுது. அதனாலதான் குடுக்க மாட்டேன். கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியாள் முன்னால் அக்கா தன் பேச்சைத் தட்டியது அவனுக்குப் பொறுக்கவில்லை. "சரி. மண்ணுல போட்டுப் புதை. புதைச்சதோட முடிஞ்சுது. இனிமே இந்த வீட்டுல கோழியும் கிடையாது, வாத்தும் கிடையாது. மொத்தக் கொல்லைக்கும் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தப்போறேன்."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். இடுப்பளவு குழி வெட்டினாள். நான்கு நாள், கழுத்துமொட்டையும் சேர்த்து முப்பத்தொரு கோழி. ஒவ்வொன்றையும் போட்டுச் சுண்ணாம்பு தூவினாள். அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி வெட்டினாள். கடைசியில் மிஞ்சியது மூன்று கோழி. வாத்துக்கு அந்த நோய் ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்குத் தொட்டியில் கிடந்தது.

முதல் நாள் குழி வெட்டியதுமே தலைக்குக் குளித்து, சேலையும் செருப்பும் மாற்றிக்கொண்டு தெரு நடுவில் போய் நின்றாள். பிறகு அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் கோழிக்குச் சீக்கு வந்திருக்கு. சந்தைக் கோழியைப் பிரிச்சு வைக்காம விட்டது என் தப்பு. உங்க கோழியை அவுத்து விடாதீங்க. என் கொல்லைப் பக்கம் யாரும் வராதீங்க!"

தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? மானம் போகுது."

"கோழி போகுதேன்னு நான் இருக்கேன், உனக்கு மானமா?" என்றாள் சேவலக்கா.

தெரு சும்மா இருக்குமா? வாங்கிக் கட்டிக்கொண்டாள். நேற்று வரை அவள் முட்டையை வாங்கித் தின்ற வாய்களே அவளைச் சாபமிட்டன. ஒருத்தி வாத்து முட்டையைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும்தான், "இப்ப என்னடி செய்யணும், அதைச் சொல்லு" என்று கேட்டாள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து தையல்காரியே பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்கில் குப்பி வாங்கி வந்தாள். சேவலக்கா எந்தக் கோழியையும் தொடக்கூடாது. அதனால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் எட்ட நின்றுகொண்டு வீடு வீடாகக் கத்தினாள். மாடி வீட்டுக்காரரே, ஒன்பது கோழியையும் பிடியுங்க! கண்ணுல ஒரு சொட்டு, இமைச்சப்புறம் விடு! இல்லை, அது உள்ளே போகலை, இன்னொரு தடவை! திட்டிக்கொண்டே எல்லோரும் பிடித்தார்கள். நோய்க்குப் பயந்தார்களா அவள் தொண்டைக்குப் பயந்தார்களா தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குள் தொண்ணூற்றாறு கோழி ஆயிற்று. கோடிவீட்டில் இரண்டு கோழி செத்தன. தெருவில் வேறு எங்கும் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. அதற்காக யாரும் வந்து நன்றி சொல்லவுமில்லை. முட்டை இருக்கிறதா என்று பத்து நாள் கழித்து மாடி வீட்டுக்காரர் கேட்டு அனுப்பினார், அவ்வளவுதான்.

கோழிகளைப் புதைத்த அந்த வாரமே தம்பி கொத்தனாரைக் கூட்டிவந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். கொத்தனார் அளவு நாடாவை இழுத்து, ஒரு முனையை அவனிடம் கொடுத்தார். சேவலக்கா அப்போது ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். இந்த இடம் போனால் தனக்கு மிச்சம் அந்தத் தகரப் பெட்டிதான் என்று அவளுக்குத் தெரியும்.  நேராக அவர்களிடம் நடந்து வந்தாள்.

"தம்பி, அப்பா இந்த வீட்டை யார் பேருக்கு எழுதி வச்சாரு?"

"யாருக்கும் எழுதலை. அதுக்கென்ன இப்போ?"

"எழுதலைன்னா உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இத்தனை வருஷம் நான் பாகம் கேட்டதில்லை. இப்ப கேக்கிறேன்."

தம்பி சிரித்துப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, நாலு கோழிக்காகவா என்கிட்டப் பாகம் கேக்குறே? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்னைச் சொல்லாதது என்னடா பாக்கி இருக்கு? நாலு கோழியில்ல, மூணுதான் இருக்கு. முன்வீடு முழுசா நீயே வச்சுக்க, பட்டறையும் உனக்கே. நான் இருக்கிற அறையும் இந்தக் கொல்லையும் எனக்கு. தராசுல வச்சுப் பாரு, லாபம் உனக்குத்தான். எழுதிக் குடு. இல்லேன்னா நேர் பாதி கேப்பேன். எங்கே போய்க் கேக்கணுமோ அங்கே போய்க் கேப்பேன். என் குரல் உனக்குத் தெரியும்."

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி நின்றான். "உன்னை நான் துரத்தினேனா அக்கா? வேணும்கிறதை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றான். குரல் உடைந்திருந்தது.

 ஆனாலும் சொன்னாள். "கேட்டுக் கேட்டுத்தான் பன்னெண்டு வருஷம் இருந்தேன். இனிமே கேக்கறதா இல்லை."

அவன் நாடாவின் முனையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனான். கொத்தனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப நான் யாரைம்மா கேக்கிறது?"

"என்னைக் கேளுங்க" என்றாள் சேவலக்கா. குனிந்து நாடாவை எடுத்தாள். "சிமெண்ட் வேண்டாம். அந்த மூலையில புதுக் கோழிக்குன்னு தனியா ஒரு கூடு கட்டணும். மத்த கூட்டுலேர்ந்து எட்ட இருக்கணும். பிடிங்க, அளப்போம்."