காடிக்காரன் வாசலில் பைன் கொப்பு

எங்கள் ஊரில் காடிக்காரன் என்றால் கசியான்தான். பட்டம் அவன் சம்பாதித்ததில்லை, அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. அந்த மனிதர் போட்ட ஒயின் வருடம் தவறாமல் புளித்துக் காடியாகும். சாலட்டில் ஊற்றத்தான் லாயக்கு என்பார்கள், அதுவும் வந்த விருந்தாளி வேண்டாதவராக இருந்தால்.

அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது. கசியானுக்கு ஊராட்சியில் ரோடு வேலை. சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் திராட்சைக் கொடிகளோடு மல்லுக்கட்டுவான். அப்பாவின் பீப்பாய்களை உடைத்து அடுப்பில் போட்டான். மேல் சரிவில் புதுக் கொடி நட்டான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பான். பேச்சில் அப்படி ஒரு கஞ்சன்.

அக்டோபர் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோர் வீட்டு நிலவறையிலும் இறங்கி, புது ஒயினைக் குடித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. குறை சொல்லக்கூட கசியான் வீட்டு நிலவறையில் ஒருவரும் கால் வைத்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊர்த் தபால்காரனான எனக்கு ஒரு பாட்டில் தருவான். பல்லைக் காட்டி வாங்கிப் போய், முகர்ந்துகூடப் பார்க்காமல் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிடுவேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த செப்டம்பரில் அவனுக்கு ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. வாங்கிப் பிரிக்காமலே சொன்னான்.

"ஆப்பிள் கன்னு. நவம்பர்ல வருது. கொடியெல்லாம் வெட்டிடப் போறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நானே போட்டு நானே குடிச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கிறது, ரோமேட்? அக்டோபர் முடியறதுக்குள்ள ஒருத்தராச்சும் வந்து குடிச்சுப் பாத்து, நல்லாருக்கு, நல்லால்ல, ஏதோ ஒண்ணு சொல்லட்டும். இல்லன்னா ஆப்பிள்தான்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சரி, கொண்டா ஒரு கோப்பை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் பத்து வீட்டுக்குத் தபால் கொடுக்கணும் என்று நழுவி வந்துவிட்டேன்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. கசியான் தன் வாசலுக்கு முன்னால் ரோட்டோரத்தில் வடிகால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தான். கீழே மண் சரிந்த இடத்துக்கு ஊராட்சியின் எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் போய்விட்டன. கடமை தவறாத மனிதன் என்ன செய்தான்? ஒரு பைன் கொப்பை வெட்டி நீளக் கழியில் கட்டி, கண்ணில் படுவதற்காக ஒரு சிவப்புத் துணியையும் சுற்றி, வாசலில் நட்டுவிட்டுச் சாப்பிட உள்ளே போனான்.

எங்கள் மலையில் வாசலில் பைன் கொப்பு கட்டினால் ஒரே அர்த்தம்தான். புது ஒயின் இருக்கிறது, கடை திறந்திருக்கிறது, உள்ளே வா. தவழுகிற குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், முப்பது வருடம் ரோட்டிலேயே நின்ற இவன் புத்தியில் மட்டும் அன்றைக்கு உறைக்கவில்லை.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கீழ் நகரத்துத் தேவாலயப் பாடகர் குழு, இருபத்திரண்டு பேர், கஷ்கொட்டைக் காட்டு வழியாக நடந்து மேல் வளைவில் இருக்கும் வெரேனாவின் ஒயின் கடைக்குப் போவார்கள். அங்கே போக இன்னும் பத்து நிமிடம் நடக்க வேண்டும், அதற்குள் வழியிலேயே ஒரு கொப்பு, அதுவும் சிவப்புத் துணி அலங்காரத்தோடு. விடுவார்களா? பள்ளத்தைத் தாண்டிக் குதித்து முற்றத்துக்குள் வந்து, விறகு அடுக்கிலும் தள்ளுவண்டியிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கமாகப் போன என்னைப் பார்த்து, கையில் கரண்டியோடு கசியான் ஓடி வந்தான்.

"யாருடா இவங்கல்லாம்?"

"உன் கடைக்கு வந்தவங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஊத்தணும்."

அது கடையல்ல, பள்ளம் என்று அவன் விளக்கியிருக்கலாம். அதற்குக் குறைந்தது நாலு வாக்கியம் வேண்டும். அதைவிட இருபத்திரண்டு பேருக்குச் சோறு போடுவது அவனுக்குச் சுலபம். ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த பார்லி சூப்பையும் புகையில் தொங்கிய பன்றித் தொடையையும் கொண்டுவந்தான். நான் தீ மூட்டி அடியில் துளை போட்ட வறுசட்டியில் கஷ்கொட்டை வறுத்தேன். அவன் நிலவறையிலிருந்து ஏறி வரும்போது கூஜா சுவரில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது.

வெளியூர்க்காரர்களுக்குக் காடிக் கதை தெரியாது. குழுவின் தலைவி ஒட்டிலியா டீச்சர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். முதலாவது தாகத்துக்குப் போய்விட்டதாம், இது ருசிக்காம். அப்புறம் கூஜா கீழே நிற்கவில்லை. பாட்டும் ஆரம்பித்தது. நானும் குடித்தேன், பதினொரு வருடத்தில் முதல் முறையாக. தொட்டியில் ஊற்றிய பாட்டில்களை எண்ணிப் பார்த்து வயிறு எரிந்தது.

பிரமாதம் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"அவங்க நடந்து வந்த களைப்புல தண்ணியக் குடுத்தாலும் பாடுவாங்க. நீ தபால்காரன், எல்லார்கிட்டயும் சிரிச்சுத்தான் பேசுவ. வெரேனா சொல்லணும்."

வெரேனாவுக்கு எங்கள் ஊரிலேயே கூர்மையான நாக்கு, ருசி பார்க்கவும் ஏசவும். சாலட் கேலியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பாட்டுச் சத்தம் மேல் வளைவுவரை போயிருக்க வேண்டும். சற்று நேரத்தில் ஏப்ரனோடு அவளே வந்து நின்றாள். ஒரு கால் முழங்கால்வரை சேறு.

"என் ஆளுங்களை வழியிலயே மடக்கிப் போட்டிருக்கியே, உன்னை யாரு கொப்பு கட்டச் சொன்னது?"

"அது பள்ளத்துக்கு," என்றான் கசியான்.

"எந்தப் பள்ளத்துக்கு? இப்ப நான் விழுந்து எந்திரிச்சு வரேனே, அதுக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் அவள் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார். காடி என்று காறித் துப்பிச் சண்டையை அதோடு ஜெயித்துவிடலாம் என்று நினைத்தாள் போல, வாய் நிறைய எடுத்துக்கொண்டாள். துப்பவில்லை. கோப்பையை ஒரு தரம் முகர்ந்தாள். மறுபடி குடித்தாள். கசியான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் பாடகர்கள் பக்கம் திரும்பினாள். தன் கடையில் சூப்பு ஆறுகிறது, புருஷன் ஒற்றை ஆளாக நிற்கிறான், எல்லோரும் கிளம்புங்கள் என்று அதட்டினாள். இருபத்திரண்டு பேரும் பாடிக்கொண்டே மேலே போனார்கள். கசியான் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். போச்சு, ஆப்பிள்தான் என்று நினைத்தேன்.

வெரேனா போகவில்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்து சேற்றுச் செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"போன வருஷத்தது இருக்கா?"

"இருக்கு."

"அதுக்கு முந்தினது?"

"எல்லா வருஷத்ததும் இருக்கு. யாரு குடிச்சா?"

"எடுத்துட்டு வா, எல்லாத்தையும். புளிச்சது உங்கப்பன் போட்டது. அதுக்கு உன்னை இத்தனை வருஷம் பேசிட்டேன். தப்பு என் மேலதான்."

கசியான் கோப்பைகளைக் கீழே வைத்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தக் கன்னுப் பண்ணைக்கு வேணாம்னு ஒரு லெட்டர் போடணும். நாளைக்கு எடுத்துட்டுப் போவியா?"

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, தபால் கிடையாது. எழுது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.