முதலுதவி அறைக்குப் போகாத அழைப்பு

நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனிக்கு ஓசூரிலும் கெலமங்கலத்திலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் ஆலைகள். எல்லை தாண்டிக் கர்நாடகத்திலும் ஒன்று. எல்லாவற்றையும் இணையம் வழியே பேசவைக்கும் தொலைபேசி வலையமைப்பை என்னை வடிவமைக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். இலவசம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

பிரித்துப் பார்க்கப் பொது மேலாளருக்கு ஏது நேரம்? "ஓசியில வர்றது ஓசி மாதிரிதான் இருக்கும்" என்றார், கம்பெனிச் செலவில் வந்த பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே.

மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று ஏற்கும். இணையம் அறுந்தாலும் ஆலைக்குள் பேச்சு நிற்காது. அவசர எண்ணை அழுத்தினால் நேராக முதலுதவி அறையில் மணி அடிக்கும். மேலாளர் இதில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. அவருடைய கவலையெல்லாம் வரவேற்புக் குரல். பெங்களூரில் ஸ்டூடியோ பிடித்து, மூக்கால் பேசும் ஆங்கிலத்தில் பதிவுசெய்து கொண்டுவந்தார்.

"எந்த நம்பர் போட்டாலும் மொதல்ல இது கேக்கணும்."

"அவசர நம்பருக்குமா சார்?"

"எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்கும்தான். ஒரு ஸ்டாண்டர்டு வேணும்ல?"

மின்னஞ்சலில் ஆட்சேபம் எழுதினேன். எழுதிவிட்டு, சொன்னபடி மாற்றியும் கொடுத்தேன். ஆட்சேபம் எழுதுவதையே வீரமாக நினைத்துக்கொள்ளும் ரகம் நான்.

வலையமைப்பு ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், காலை ஷிப்டில், கெலமங்கலம் ஆலையில் ஒருவரின் கை பிரஸ் மெஷினில் சிக்கியது. பக்கத்து மெஷினில் நின்ற அக்கா ஓடி அவசர எண்ணை அழுத்தினார். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுகிறவர். மூன்று மொழி போதவில்லை. குரல் அவரை வரவேற்றது, கம்பெனியின் தரத்தைப் புகழ்ந்தது, மேற்கொண்டு பேச ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொன்னது. இரண்டு முறை போட்டுப் பார்த்தவர், ரிசீவரைத் தொங்கவிட்டு ஆலையின் மறுகோடிக்கு ஓடி நர்ஸை இழுத்துவந்தார். கை தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் அவையும் பிழைத்திருக்குமா என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

விசாரணையில் மேலாளர் முந்திக்கொண்டார். "ஓசி சாஃப்ட்வேர் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்."

சாட்சி சொல்ல வந்திருந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாஃப்ட்வேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார். ஒரு பொம்பள இங்கிலீசுல பேசிக்கினே இருந்துச்சு. அதை வெக்கச் சொன்னது யாரு?"

மேலாளர் தண்ணீர் குடித்தார்.

"வெச்சது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

அக்கா அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் யாரையும் கேட்காமல் அவசர எண்ணிலிருந்து அந்தக் குரலை எடுத்தேன். அழிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. மறுநாள் அக்கா போட்டுப் பார்த்தாராம். நர்ஸ் எடுத்ததும், "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்று வைத்துவிட்டாராம்.

அனுமதியில்லாமல் மாற்றம் செய்ததற்கு விளக்கம் கேட்டு அந்த வாரமே எனக்கு மெமோ வந்தது. மேலாளரின் கையெழுத்து அழகாக இருந்தது.