பீட்ரூட்டை எவன் தொடுவான்?

மின்கட்டண ரசீதிலிருந்து முதலில் தன் பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறார் மலீனா. பிறகு அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக நறுக்குகிறார். 'ம' தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு, 'லீ' அடுத்த தெருவுக்கு, 'னா' சந்தைக்குப் போகிற வழியில். முகவரியும் எண்களும் பால்கனியில் இருக்கிற குடைமிளகாய் சுடும் அடுப்புக்குள் போகும். அடுப்புதான் சூடாக இருக்கிறதே என்று அதிலேயே மிளகாயையும் சுட்டுவிடுவார்.

"அக்கா, இந்த வருஷம் மிளகாயில கரண்ட் பில்லு வாசம் கொஞ்சம் தூக்கல்" என்பார் கீழ்வீட்டு ரங்கேல்.

"வாசம்தானே தெரியுது, நம்பர் தெரியலையே! பேசாம தின்னு."

ப்ளெவென் நகராட்சியில் முப்பது வருஷம் நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மலீனா. ஊர்ச் சனம் அடையாள அட்டையை இயந்திரத்துக்குள்ளேயே மறந்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர். "நான் மட்டும் கெட்டவளா இருந்திருந்தா, இந்நேரம் இந்த ஊருல பாதிப் பேரு நானாத்தான் இருப்பேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கட்டட வாசலின் அழைப்புமணிப் பலகையில் அவர் பெயர் கிடையாது. 'மேஜர் குர்தோவ்' என்று இருக்கிறது. அப்படியொரு மேஜர் உலகத்தில் பிறக்கவே இல்லை. ஆனாலும் அவருக்குக் கடிதம் வர ஆரம்பித்துவிட்டது. மூக்குக் கண்ணாடித் தள்ளுபடி, மூட்டுவலித் தைலம், பாட்டுக் கச்சேரி அழைப்பு. அதையெல்லாமும் மலீனா நறுக்குகிறார். "பாவம், அந்த மனுஷன் விவரம் மட்டும் திருடு போகலாமா?"

அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அட்டையிலேயே அவருக்குப் பிடிக்காத இடம் அதுதான். தன் அறுபத்தைந்தாவது பிறந்தநாளை இதுவரை மூன்று முறை கொண்டாடியிருக்கிறார். மூன்று முறையும் மொத்தக் குடியிருப்பும் வந்து கேக் தின்றது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேக் அவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்பேர்ப்பட்ட அட்டையைச் சும்மா பீரோவில் வைப்பாரா? மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு, மெழுகு உருக்கி ஒட்டி, பீட்ரூட் ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கிவிட்டார். "திருடன் சாராயத்தைத் தொடுவான், மிளகாயைத் தொடுவான். பீட்ரூட்டை எவன் தொடுவான்?" ஜாடியில் ஒரு குறிகூட வைக்கவில்லை. குறி வைத்தால் திருடனுக்குத் தெரிந்துபோகாதா? மொத்தம் நாற்பது ஜாடி, எல்லாம் ஒரே சிவப்பு.

நேற்று ரங்கேலின் பெயர்நாள், அதாவது அவர் பெயருக்குரிய புனிதரின் திருநாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. பெயரைத் தெரிந்தவரெல்லாம் தானாகப் போய் நிற்க வேண்டியதுதான். மலீனாவுக்கு இந்த வழக்கமே ஆகாது. "பேரை ஊருக்கே தமுக்கடிச்சுச் சொல்ற நாளு!" ஆனாலும் வெறுங்கையோடு போக முடியுமா? அலமாரியில் கைக்கு வந்த ஜாடி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று மத்தியானம் பெட்டி கட்ட உட்கார்ந்தார். மகன் போயான் நாற்பத்தொரு வயதில் ஒருவழியாகச் சம்மதித்து, நாளை மறுநாள் வலென்சியாவில் கல்யாணம். நாளைக் காலை சோஃபியாவிலிருந்து விமானம். அட்டை இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.

முதல் ஜாடியில் இல்லை. பத்தாவதில் இல்லை. முப்பத்தொன்பதாவது ஜாடியையும் கவிழ்த்தபோது முழங்கை வரை சிவப்பு. "நாப்பது போட்டேனே, பாவி நான் நாப்பது போட்டேனே!" அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். இத்தனை வருஷம் காத்திருந்து, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனசு ஆறவில்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்ச் சங்கிலியைச் சரிபார்த்தார்.

"யாரு?"

"நான்தான் ரங்கேல்."

"எந்த ரங்கேல்?"

"முப்பத்தோரு வருஷமா கீழ்வீட்டுல இருக்கற ரங்கேல்!"

"அதை எவன் வேணா சொல்லலாம். என்ன விஷயம்?"

"நேத்து வந்தவங்க எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டாங்கக்கா. வேற வழியில்லாம உங்க பீட்ரூட்டைத் திறந்தேன். உங்க அட்டை என் கையில இருக்கு."

மலீனாவின் நெஞ்சு துள்ளியது. துள்ளிய வேகத்தில் அடங்கியது. 'உங்க அட்டை என் கையில இருக்கு.' போனில் ஏமாற்றுகிறவர்கள் ஆரம்பிப்பதும் எழுத்துப் பிசகாமல் இப்படித்தானே!

"இருக்குன்னா நிரூபி!"

"நிரூபிக்கறதா? சரி, நம்பரைப் படிக்கறேன், சரியான்னு பாத்துக்குங்க."

ரங்கேல் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தே ஓய்வுபெற்றவர். தொண்டையைச் செருமினார். மேல் மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன.

"முதல் நம்பர், அஞ்சு! அடுத்த நம்பர்..."

சங்கிலி தெறிக்கக் கதவு திறந்தது. பீட்ரூட் சொட்டும் கை ஒன்று பாய்ந்து வந்து ரங்கேலின் வாயைப் பொத்தியது.

மறுநாள் காலை, சோஃபியா விமான நிலையத்தில் அதிகாரி கை நீட்டினார். மலீனா அட்டையைக் கொடுத்தார். அதிகாரி இழுத்தார். அட்டை வரவில்லை. முதல் இரண்டு எண்களின் மேல் இன்னும் சிவப்புப் போகாத கட்டைவிரல் ஒன்று அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.