ரோஸ் நிறத்தில் வந்த தேன்

ஸ்டெல்லா அக்கா சிரப் பாட்டிலோடு தலைமையாசிரியை அறைக்குள் வந்தபோது, பாட்டிலின் வாயைச் சுற்றி எங்கள் பள்ளித் தேனீக்கள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன.

"இன்னா மேடம் இது? கடைய தொறந்தா உங்க ஸ்கூல் ஈதான் மொதல்ல வருது. ரோஸ் மில்க் கேட்டு வந்த ஆளு டம்ளர்ல கை வெக்க பயந்துகினு போய்ட்டான். யாவாரமே பேஜாராகீது."

பள்ளி கேட்டுக்கு எதிரே அவர் கடை. திருவொற்றியூரில் இருக்கும் அந்தப் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு மாணவிகளோடு மொட்டைமாடியில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். அதுவரை தேனீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்த படம்தான்.

பூ குறைந்த மாதங்களில் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் இரண்டு முருங்கை மரங்களும். ஆனாலும் தலைமையாசிரியை ஒப்புக்கொள்ளவில்லை.

"சர்க்கரை குடுத்தா அது கலப்படம் டீச்சர். நம்ம பள்ளித் தேன் சுத்தமா இயற்கையா இருக்கணும்."

நாங்கள் கலப்படத்துக்கு மறுத்துவிட்டதால், தேனீக்களே கேட்டைத் தாண்டிப் போய் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

புகார் வந்ததும் தலைமையாசிரியை பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். மாணவிகளிடம் சொன்னேன். முகவலை போடாமலே பெட்டியைத் திறக்கும் ஷாலினி அழுதுவிட்டாள்.

"பசிக்குப் போவுது மிஸ். இங்கியே சோறு போட்டா அது ஏன் அங்க போவுது?"

தலைமையாசிரியையிடம் மறுபடி போனேன். இந்த முறை சர்க்கரை என்ற சொல்லையே எடுக்கவில்லை. 'துணை உணவூட்டல்' என்றேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று உடனே அனுமதி கொடுத்தார்.

பெட்டிக்குள் பாகு வைத்தோம். மாணவிகள் கொசுவலைத் துணியில் உறை தைத்து ஸ்டெல்லா அக்காவின் பாட்டில்களுக்குப் போட்டார்கள். சில நாளில் அவர் கடையில் ஈ குறைந்தது, ஆள் கூடியது. பெட்டியும் தப்பியது. ஆனால் அதற்குள் பெட்டியின் தேன் அறையில் சேர்ந்தது சேர்ந்ததுதான்.

பள்ளி விழாவில் சிறப்பு விருந்தினர் முன்னால் பெட்டியின் தேனடைச் சட்டங்களை எடுத்துத் தேன் பிழிந்தோம். தேன் நல்ல ரோஸ் நிறத்தில் இறங்கியது. விருந்தினர் ஒரு ஸ்பூன் சுவைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"அபூர்வமா இருக்கே. என்ன பூ?"

"இந்தப் பகுதிக்கே உரிய பூ சார்" என்றார் தலைமையாசிரியை.

"பூ இல்ல சார்" என்றாள் ஷாலினி. "எதிர்ல ஸ்டெல்லாக்கா கடை ரோஸ் சிரப்பு."

மூன்றாம் வரிசையில் இருந்த ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது: "எத்தினி கடை கீது இங்க. பாத்து நம்ம சரக்கத்தான் எடுத்துக்கீது."

தேனீ வளர்க்கப்போகும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூ இல்லாத காலத்தில் பாகு வையுங்கள். நீங்கள் வைக்காவிட்டால் அவை வெளியே போய்க் குடித்துவிட்டு வரும். அதற்கு அவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.