ஒற்றைச் சப்பாத்தும் மூன்று ராசாக்களும்

நாலு வருடங்களுக்கு முன், ஸ்பெயினின் தென்கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் நடந்தது இது. ஸ்பானிய மொழி படிக்க ஒரு வருடப் புலமைப்பரிசில் கிடைத்துப் போயிருந்தேன். மன்னார் தோட்டவெளியில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலும் கோயிலும் மீன் மணமும் எனக்குப் புதிதில்லை. மொழிதான் புதிது.

அதுவும் முழுக்கப் புதிதில்லை என்று முதல் கிழமையே தெரிந்துவிட்டது. எங்கள் மேசை அங்கே மேசா. ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாணுக்குப் பான். சப்பாத்துக்குச் சபாத்தோ. எங்கள் கரையில் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்களின் ஒன்றுவிட்ட சகோதரங்கள்! எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் வகுப்பில் நான்தான் முதல். ஆனால் வாய் மட்டும் திறக்கவே மாட்டேன். பிழை விட்டால் சிரிப்பார்களே என்ற பயம். யார் என்ன கேட்டாலும் 'ஓம்' என்று தலையாட்டியே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். டிசம்பர் நத்தார் விடுமுறை முடிந்ததும் பேச்சுப் பரீட்சை. அதில் தவறினால் புலமைப்பரிசில் நின்றுவிடும்.

அங்கே பிள்ளைகளுக்கு நத்தாரைவிட, குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் திருநாள்தான் பெரிது. முதல் நாள் பின்னேரம் ராசாக்கள் அலங்கரித்த லொறிகளில் ஊர்வலமாக வந்து இனிப்பை அள்ளி வீசுவார்கள். அன்றிரவு பிள்ளைகள் சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தால், ராசாக்கள் வந்து பக்கத்தில் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, "போய்ப் பாரும் பிள்ளை" என்று துரத்தாத குறையாக அனுப்பிவைத்தார்.

கடைசி லொறி கடந்ததும் சனமெல்லாம் அதன் பின்னால் ஓடியது. மதிலோரம் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி தனியே நின்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு காலில் சிவப்புச் சப்பாத்து, மற்றக் காலில் நனைந்த காலுறை.

உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் நாலு அடி கடந்துதான் போனேன். கறுத்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வருமா? அப்போது விம்மலுக்கு நடுவே "சபாத்தோ, சபாத்தோ" என்பது காதில் விழுந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை அழுவதுபோல் இருந்தது. திரும்பி வந்து அவள் முன்னால் குந்தினேன்.

"உன்ர அம்மா எங்க?" மூன்று மாதத்தில் நானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது.

"தெரியாது. ஒரு சப்பாத்துதான் இருக்கு. ராசாக்கள் வரமாட்டினம்!"

எப்படித் தேற்றுவது? தெரிந்த சொற்களைப் பொறுக்கி, எங்கள் ஊரில் கழுதைகள் தங்கள் பாட்டில் றோட்டில் திரியும் என்று சொன்னேன். அழுகை சட்டென்று நின்றது.

"மாதாவை ஏத்திக்கொண்டு போன கழுதையும் அங்கயோ நிக்குது?"

"ஓம், அங்கதான்" என்றேன். கடவுள் மன்னிக்கட்டும்.

அதற்குள் ஒரு பொலிஸ்காரர் வந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆர் இந்தப் பிள்ளை? நீங்கள் ஆர்?"

நான் அவசரமாக எழுந்தேன். முதல் பாடத்தில் பாடமாக்கிய வசனம்தான் வாயில் வந்தது. "நான் துலைஞ்சு போனன்!"

"உங்கட வீடு எங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அவ இல்லை. நான்தான் துலைஞ்சனான்!" என்று சிறுமி கோபமாகத் திருத்தினாள்.

பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குப் பயந்து மூன்று மாதம் வாயை மூடியிருந்தேனோ, அது நடந்தே விட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. பிள்ளையை எங்கே கண்டேன், எந்தப் பக்கம் தேடலாம், எல்லாம் உடைந்த ஸ்பானியத்தில் கொட்டினேன். அவர் வயர்லெஸ்ஸில் தகவல் சொன்னார். தூரத்தில் இருந்தும் தெரியட்டும் என்று நான் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். "சபாத்தோ!" என்று அவள் என் தலைக்கு மேலிருந்து கத்தினாள். கையில் ஒற்றைச் சிவப்புச் சப்பாத்துடன், சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். பிள்ளையைப் பறித்து அணைத்தவள், அடுத்த நொடி என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மறுநாள் அவர்கள் வீட்டில், திருநாளுக்கென்றே சுடும் வளையப் பாணை எனக்கும் வெட்டித் தந்தார்கள். அன்று முழுக்க நான்தான் அதிகம் கதைத்தேன்.

பேச்சுப் பரீட்சையில் இந்தக் கதையையே சொன்னேன். பிழைகள் நிறைய, ஆனாலும் சித்தியடைந்தேன்.

இப்போது மன்னார் பஸ் நிலையத்தில் யாராவது உடைந்த தமிழில் தடுமாறி வழி கேட்டால், என் காதில் அந்தப் பிழை ஏறுவதில்லை. இந்த மனுசருக்கு இப்போது என்ன தேவை என்பது மட்டும்தான் கேட்கிறது.