இருபத்தைந்தா, இருபத்துநான்கா

எட்டாம் வகுப்பில் என்னைத் திணறடித்தது ஒரே ஒரு கணக்கு. ஒருவர் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? தூரத்தை x என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டீச்சர். அப்பாவுக்கு x தேவைப்படவில்லை.

"முப்பதும் இருபதும் அம்பது. பாதி இருபத்தஞ்சு. எழுதிக்கோ."

புத்தகத்தின் கடைசியில் விடை இருபத்துநான்கு என்றிருந்தது. அச்சடித்தவன் தப்பு என்று அப்பா தீர்ப்பளித்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் வேகத்தைப் பற்றி யார் பேசுவது?

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பேசினாள். "மெதுவா வர்றப்போதான ரோட்ல ரொம்ப நேரம் இருப்ப?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"அப்போ ரெண்டும் எப்டியா சமமாவும்?"

அப்பா பைக் சாவியை எடுத்தார். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு, ஞாயிறு காலை மூவரும் கிளம்பினோம். வீட்டிலிருந்து கம்பெனி கேட் பன்னிரண்டு கிலோமீட்டர். நடுவில் உட்கார்ந்து நான் செல்போனில் நேரம் பார்த்தேன். முப்பதில் போக இருபத்துநான்கு நிமிடம். திரும்பும்போது முள் இருபதைத் தாண்டாமல் அப்பா ஓட்டியதில், சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் எங்களை முந்தினார்.

"வண்டி ரிப்பேராப்பா?"

"இல்லீங்க, கணக்கு" என்றார் அப்பா. அம்மா சிரித்த சிரிப்பில் பைக்கே ஆடியது.

திரும்ப முப்பத்தாறு நிமிடம். இருபத்துநான்கு கிலோமீட்டருக்கு மொத்தம் ஒரு மணி நேரம். உள்ளே ஓடி x வைத்தும் போட்டுப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் இருந்த x அடிபட்டுப் போய், எந்தத் தூரமானாலும் இருபத்துநான்குதான் என்று வந்தபோது துள்ளிக் குதித்தேன். அப்பா விசில் அடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி சாவியை எடுத்தார். "ஒரு கணக்கு போட்டா போதுமா? நாப்பதும் பத்தும் பாக்க வேணாவா?"

அம்மா ஏற்கெனவே புதுப் புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக நின்றாள். நான் அவசரமாகப் பென்சிலை எடுத்து, "பதினாறு, பதினாறு" என்று பின்னாலேயே ஓடினேன். இருவரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். சோறு ஆறிப்போகும்வரை வரவில்லை.

விடையைத்தான் நான் வீட்டிலேயே சொல்லிவிட்டேனே, பிறகு எதற்குப் பெட்ரோலை வீணாக்குகிறார்கள் என்று அன்று முழுக்க எனக்குக் கோபம்.